தகர வேலிக்கு அந்தப் பக்கம்

எங்கள் தீவு நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வருஷம்தான் எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. நகாசியில் எங்கள் தெருவில் அப்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆட்கள் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போய்விட்டிருந்தார்கள். தினமும் நடக்க வேண்டும் என்றாள் நர்ஸ். ரோட்டில் துப்பாக்கியோடு நிற்கிறார்களே என்றேன்.

"வீட்டைச் சுற்றியே நட. சாயங்காலம் டீ குடித்த கப்பைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டு. யோசிக்காதே, யோசித்தால் உட்கார்ந்துவிடுவாய்" என்றாள் ஹிந்தியில்.

முதல் வாரம் இரண்டே நாள் நடந்தேன். மற்ற நாட்களில் செருப்போடு படியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டேன்.

அடுத்த வாரம், பக்கத்து வீட்டுத் தகர வேலியை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் காய்ந்த மாவிலை நொறுங்கியது. நான் நின்றேன். அந்தச் சத்தம் ஓரடி தள்ளி நின்றது.

அந்த வீட்டில் யாரும் கிடையாது. குடும்பத்தோடு ஆக்லாந்து போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் ஏர்போர்ட் வேன் ஏறும்போது வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்து அழுதேன். கோயில் பஜனையில் என்னோடு தமிழில் பேச மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"திருடனா இருக்கும், அந்தப் பக்கம் போகாதே" என்றார் என் கணவர். ஆனால் போனேன். அந்த வாரம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பயம்தான் என்னை இழுத்துப் போனது. நான் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக நடந்தது. முன்கதவில் பூட்டு தொங்கியது, விளக்கு எரியவில்லை. ஆனால் ஒரு நாள் உள்ளேயிருந்து சீரகம் தாளிக்கும் வாசனை வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் முழங்கால் வலி என்று நான் படியிலேயே இருந்துவிட்டேன். வழக்கமான நேரத்துக்குக் காலடி தனியாகக் கிளம்பியது. வேலியின் கோடி வரை போய்த் திரும்பி வந்து எனக்கு நேரே நின்றது. தகரத்தில் மூன்று தட்டு.

"அக்கா, இன்னைக்கு நடக்கல?"

ஆக்லாந்து போனவளின் குரல். "நீ அங்க போய்ச் செத்துட்டியாடி?" என்றுதான் எனக்குக் கேட்க வந்தது.

"சாகல அக்கா. விசா மெடிக்கல்ல என்னை மட்டும் தள்ளிட்டாங்க, சுகர் கூடுதல்னு. யாருகிட்டயும் சொல்லல. அவரையும் பிள்ளைங்களையும் ஏர்போர்ட்ல ஏத்திவிட்டுத் திரும்பி வந்துட்டேன். அத்தனை பேரும் மாலை போட்டு அனுப்பினீங்க, எந்த மூஞ்சியோட வெளியே வர? பொம்பளை தனியா இருக்கான்னு தெரிஞ்சா எவன் வருவானோ. சுகர் இறங்கினா திரும்ப மெடிக்கல் எடுக்கலாமாம். தனியா நடக்க மனசு வரல. உன் செருப்புச் சத்தம் கேட்டா கால் தானா எந்திரிக்குது."

அவள் வெளியே வர மறுத்தாள். நான் பருப்பும் காயும் வாங்கி வேலிக்கு மேலே கொடுப்பேன். மாதக்கணக்கில் தகரத்தை நடுவில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசியபடி நடந்தோம். என் சர்க்கரை இறங்கியது. அவளுக்கும் இறங்கியது. இரண்டாவது மெடிக்கலில் தேறி, ஒரு காலையில் ஒற்றைப் பையோடு ஏர்போர்ட் பஸ் ஏறினாள்.

அன்று சாயங்காலம் நடக்கப் போனேன். இலைகள் அசையாமல் கிடந்தன. பாதிச் சுற்றில் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் தெருக்கோடி வீட்டுக்காரியிடம் போய், என்னோடு நடக்க வருகிறாயா என்று கேட்டேன். கடை வரைக்கும்தான் என்றாள் அவள். கடை வரைக்கும் போனோம்.