பிளைவீலில் வைத்த சந்தனப் பொட்டு

பெட்ரோலும் சூடான எண்ணெயும் அரைத்த சந்தனமும் கலந்த ஒரு வாசனை உண்டு. அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ஜோகூரில் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், என் அப்பா வெள்ளைக்காரத் "தொரை"யின் காருக்கு டிரைவராகவும் மெக்கானிக்காகவும் இருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அது இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். இன்னும் வேகம் வேண்டுமென்று துரை அதன் எஞ்சின் மண்டையை, அதாவது மேல்மூடியை, சீவ வைத்திருந்தார். "மண்டையைச் சீவினதும் இதுக்குக் கிறுக்கு முத்திப்போச்சு" என்பார் அப்பா. எஞ்சினுக்குள் பொறி விழுவதற்கென்று ஒரு நேரம் உண்டு. பிளைவீல் என்னும் பெரிய சக்கரத்தில் கம்பெனிக்காரன் வெட்டியிருந்த கோடு இனி அந்த நேரத்தைக் காட்டாது. ஆகவே அப்பா இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்து, திருத்தித் திருத்திச் சரியான இடத்தைக் கண்டுபிடித்து, அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பெடுத்து அந்தச் சக்கரத்தில் ஒரு புள்ளி வைத்தார். உளியால் கொத்திவிட்டால் தீர்ந்தது. ஆனால் விடிந்தால் ஆயுத பூசை. பூசைக்கு வைத்த கருவியை அன்றைக்குத் தொடக்கூடாது. "பூசை முடியட்டும், கொத்திக்கலாம்" என்று உளியையும் சுத்தியலையும் கழுவிப் பலகையில் அடுக்கினார். பொறி கொடுக்கும் "மேக்னட்டோ"வையும் கழற்றித் துடைத்து அவற்றோடு வைத்தார்.

பூசையன்று சந்தனக் கிண்ணம் என் கையில். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பேனருக்கு, ஜாக்கிக்கு, நாலு டயருக்கு, விளக்குக்கு எல்லாம் வைத்தும் ஆசை அடங்காமல், தரைப்பலகை திறந்து கிடந்த காருக்குள் குனிந்து, எண்ணெய்ப் பிசுக்காயிருந்த பிளைவீலை ஈரத்துணியால் துடைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். எவ்வளவு அழகாக வைத்தேன், பாவி!

மறுநாள் காலை ஜோகூர் பாருவில் துரைக்குப் பந்தயம். கையுறை மாட்டிக்கொண்டு "லெக்காஸ், லெக்காஸ்" என்று அவர் அவசரப்படுத்த, அப்பா காருக்குள் குனிந்தார். காய்ந்த சந்தனம் வெளுத்துப்போய், அந்த நிழலில் சுண்ணாம்பு மாதிரியே இருந்தது. அந்தப் பொட்டையே குறியாக வைத்து, பொறி விழும் கணத்தைப் பிடிக்க மேக்னட்டோவின் வாயில் சிகரெட் தாளைச் செருகி, தாள் நழுவுகிற இடத்தில் திருகாணியை முடுக்கினார். பிறகு காருக்கு முன்னால் போய், எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். பொறி முந்திவிட்டது. கைப்பிடி எதிர்ப்பக்கமாக எகிறி அடித்தது. கரும்பை முறித்தாற்போல் ஒரு சத்தம். "ஐயோ, என் கை போச்சே!" என்று அப்பா மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய வலது கை கோணலாகவே கூடியது. ஸ்பேனர் பிடிக்க வராது. காருக்கு வேறு ஆள் வந்தான். அப்பா இடது கையால் புல் வெட்டப் போனார். "வச்ச குறி தப்பாதும்மா, என் கண்ணுதான் என்னை ஏமாத்திருச்சு. கண்ணு போனவனுக்கு எஞ்சின் எதுக்கு?" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். எனக்கு அன்றைக்கே தெரியும். நான் துடைத்த துணியில் சுண்ணாம்புக் கறை இருந்தது. அதை ஓடையில் எறிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அடிக்குப் பயந்தேனா? அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லையே!

அடுத்த ஆண்டுப் பூசையில் எங்கள் பலகையில் ஒரு புல் வெட்டும் கத்தி மட்டும் கிடந்தது. கிண்ணத்தோடு நின்ற என்னிடம் அப்பா அந்தக் கோணல் கையை நீட்டினார். "இதுக்கும் ஒண்ணு வைம்மா. இதுவும் ஆயுதமா இருந்ததுதானே." வைத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இன்றைக்கு அந்தத் தோட்டம் முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. கார்க் கொட்டகை நின்ற இடம்கூடத் தெரியவில்லை. கைப்பிடி சுற்றிக் கிளப்பும் கார்களும் போய்விட்டன. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவர் தம் கண்ணை நம்பவில்லை. ரோட்டைக் கடப்பதற்குக்கூட என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வண்டி வருதா பாரும்மா" என்று கேட்டுத்தான் காலெடுத்து வைப்பார். அந்தக் கண்ணில் ஒரு குறையும் இருந்ததில்லை.