மல்லாட்டைப் படத்தில் அம்மாவின் குரல்

சுனந்தா வேங்கிக்காலில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபது வருஷ சர்வீசில் ஒரு நோயாளியிடமும் ‘சட்டையைக் கழட்டுங்க’ என்று சொன்னதில்லை. முன்பற்களுக்கு நடுவே இடைவெளி. ‘ச’ வந்தால் கூடவே ஒரு சீழ்க்கையும் வந்துவிடும். அதனால் ‘மேல போட்டிருக்கறத எடுத்துடுங்க’ என்பாள். பேரைக் கேட்டால் கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டிவிடுவாள்.

அவளுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். போட்டோ உண்டு, குரல் கிடையாது. போன மாதம் அண்ணன் ஜினேந்திரன் ஒரு படச்சுருளைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை விவசாயத்தைப் பற்றி அவர்கள் ஊரில் அந்தக் காலத்தில் எடுத்த குறும்படம். அதில் ஒரு அதிகாரி கேள்வி கேட்க, அம்மா பதில் சொல்கிறாள்: “செலவு கம்மிங்க, மகசூல் ஜாஸ்தி.” ஆனால் ‘ச’ வந்த இடமெல்லாம் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் குரல் சிதறியது. அதிகாரி குரலும் அப்படித்தான்.

செங்கம் ரோட்டில் பழைய புரொஜெக்டர் வைத்திருந்த ராஜேந்திரன் அதில் ஒலியைப் படிக்கும் விளக்கை மாற்றினார், அதன் லென்சைத் துடைத்தார். வேறு சுருளைப் போட்டால் சுத்தமாகப் பேசியது. அப்படியென்றால் கோளாறு இந்தச் சுருளில்தான். சுனந்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் சுருளை வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். படத்தின் ஓரமாக ஒலிக்கோடு ஓடியது, கருப்புக்கு நடுவே வெளுப்பான அலை. ‘ச’ வரும் இடங்களில் அலை ரொம்ப நெருக்கம்; அங்கே கருப்பு ஊறிப் பரவி இடுக்குகளை அடைத்திருந்தது. இது அவளுக்குத் தெரிந்த வியாதி. வெளிச்சம் ஜாஸ்தியானால் எலும்பின் ஓரத்தையும் கருப்பு இப்படித்தான் தின்னும்.

ஒலிக்கோட்டைப் படமாக ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கருப்பை மயிரிழை மயிரிழையாகப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி ஒலியாக மாற்றிக் கேட்டாள். மூன்றாம் தடவை அதிகாரி கணீரென்று பேசினார். அம்மாவிடம் மட்டும் மெல்லிய சீழ்க்கை மிச்சமிருந்தது. விடுவாளா? அலையின் கூர்முனைகளை மழுக்கி அதையும் துடைத்துவிட்டு, ஆசையாக அண்ணனுக்குப் போட்டுக் காட்டினாள். அம்மா போகும்போது அவருக்கு எட்டு வயது, குரல் நன்றாக நினைவிருந்தது.

“இது அம்மா இல்ல, சுனந்தா. யாரோ ரேடியோல பேசறாங்க.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகைக்கு நடுவிலும் ஒன்று உறுத்தியது. ஒரே சுருள், ஒரே கோளாறு. அதிகாரிக்குத் தீர்ந்தது அம்மாவுக்கு மட்டும் ஏன் தீரவில்லை? மூன்றாம் தடவை செய்ததை எடுத்துப் போட்டாள். “செலவு கம்மிங்க” என்றாள் அம்மா, சீழ்க்கையோடு. ஜினேந்திரன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வேடியப்பன் என்ற விவசாயி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வந்தார். சுனந்தா அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“சட்டையைக் கழட்டுங்க.”