பாதித் தொட்டி

புனேயில், வானவடிப் பகுதியின் அடுக்குமாடி ஒன்றில் பெயிண்டடிக்கப் போயிருந்தேன். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவர் தூத்துக்குடிக்காரர், முன்னாள் கடற்படை. முன்கை முழுக்கத் தீத்தழும்பு. டீசல் பாதிக்கு இறங்கினாலே கேனைத் தூக்கிவிடுவார்.

“பாதி கெடக்கே அண்ணாச்சி, என்ன அவசரம்?” என்றேன்.

“ஏல, நான் நேவில இருக்கையில கடல் கொள்ளக்காரன் ஒரு சரக்குக் கப்பலப் புடிச்சுட்டான். உள்ள பதினெட்டு உசுரு. எங்க கப்பல்ல பாதி எண்ணெய்தான். ஊருக்குத் திரும்பலாம், அங்க போய்ச் சேர முடியாது. வழியில ஒரு வெளிநாட்டுத் தீவுல நம்ம நேவி தளம் இருந்துச்சு. அங்க எண்ணெய் நெறச்சிட்டுப் போனோம். பதினெட்டு பேரும் பொழச்சிட்டாவ.”

“தளம் இல்லேன்னா?”

அவர் கேனைத் தொட்டியில் கவிழ்த்தார். பசியோடு பல ஊர் நடந்தவன் நான். அடுத்த சோறு எங்கே என்றுதான் யோசித்திருக்கிறேன். இவர்களோ, அடுத்த எண்ணெய் எங்கே என்று ஒரு கடலுக்கே முன்கூட்டி யோசித்து வைத்திருக்கிறார்கள். தொட்டி நிறையும்வரை அவர் நிமிரவில்லை. நானும் பிரஷைத் தொடவில்லை.