ஒழுகாத பம்ப்

இன்று காலை, ரேடியோவில் செய்தி முடிந்ததும், என் காரின் வாட்டர் பம்ப்பை நானே மாற்றுவது என்று தீர்மானித்தேன். வீட்டாருக்கு முறைப்படி அறிவித்தேன்.

காரணம் எதிர்வீட்டு ரகு.

போன ஞாயிறு அவன் தன் காருக்குத் தானே பம்ப் மாற்றினான். மாடவீதியில் பாதிப் பேர் நின்று பார்த்தார்கள். என் மனைவி, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் வெள்ளி டம்ளரில் அவனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் எவர்சில்வரில்தான் குடிக்கிறேன்.

“நம்ம பம்ப் நன்னாத்தானே இருக்கு?” என்றாள்.

“முன்ஜாக்கிரதை” என்றேன்.

கழற்றும்போது ஒரு போல்ட் முறிந்து, பாதி எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது. யாரும் கூப்பிடாமலே ரகு வந்து குனிந்து பார்த்தான்.

“சார், ஒழுகாத பம்ப்பை எதுக்குக் கழட்டினேள்?”

எனக்காக மனைவி சொன்னாள்.

“நீ மாத்தினதைப் பாத்ததுலேர்ந்து இவருக்குத் தூக்கமே இல்லைடா ரகு. நாளைக்குக் கார்த்தால எங்கம்மா வேற எழும்பூர்ல வந்து இறங்கறா.”

“அதுக்கென்ன மாமி, என் வண்டி இருக்கே.”

நாளை விடிந்ததும் ரகுவும் என் மனைவியும் எழும்பூர் போகிறார்கள். நான் பால் வாங்கி வைக்க வேண்டும்.