சாம்பலில் கிடந்த கரி

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா மானாம்பதிப் பக்கம் கூலிக்குக் கரி மூட்டம் போடுகிறவர். வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலங் கட்டைகளை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே மண் பூசித் தீ வைப்பார். உள்ளே காற்று குறைவாகப் போனால் கட்டை கரியாகும். மண்ணில் வெடிப்பு விட்டால் சாம்பல்தான்.

சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. இருப்பது ஒரே இடம். கிடைக்காவிட்டால் என் படிப்பு அத்தோடு சரி. என் தலைப்பு, சாகப்போகிற ராட்சத நட்சத்திரங்கள் வீசும் காற்று. அவை தம் உடம்பையே ஊதித் தள்ளுகின்றன, அதில் கரித்தூள்கூட உண்டு என்று கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் மண் பூசுவதை நிறுத்தவில்லை.

"கரி இங்கயே கீது. அத்த பாக்க அம்மாந்தூரம் போணுமாடா?"

தேர்வில் தடுமாறாமல்தான் பேசினேன். அந்தக் காற்றில் கார்பனும் ஆக்சிஜனும் முதலில் கார்பன் மோனாக்சைடாக ஜோடி சேர்ந்துவிடும். மிஞ்சுவது எதுவோ அதுதான் தூசியைத் தீர்மானிக்கும்: கார்பன் மிஞ்சினால் கரித்தூள், ஆக்சிஜன் மிஞ்சினால் மணல் மாதிரியான தூசி. நட்சத்திர ஒளி தூசியைத் தள்ள, தூசி வாயுவையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆக்சிஜன் மிஞ்சிய காற்றில் கார்பன் சேர்மம் வேறு எதுவுமே இருக்காதா என்று பேராசிரியை கேட்டார். இருக்காது என்றேன். வெடிப்பு விட்ட மூட்டத்தில் கரி ஏது என்கிற தைரியம். அவர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். அப்படிப்பட்ட காற்றில் ஹைட்ரஜன் சயனைடு என்ற கார்பன் சேர்மம் பதிவாகியிருந்தது.

அப்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. கெட்டுப்போன மூட்டத்தைப் பிரித்தால் அம்மா சாம்பலை அப்படியே கொட்டிவிட மாட்டார். சல்லடையில் சலித்து, காற்றுப் படாத மூலையில் தப்பிய கரியைப் பொறுக்குவார். இஸ்திரி வண்டிக்காரர் வாங்கிக்கொள்வார்.

"மேடம், என் பதிலை மாத்திக்கிறேன்."

காற்று எங்கும் ஒரே சீராக இருக்கும் என்று நினைத்தது என் தப்பு. நட்சத்திரம் துடிக்கும்போது கிளம்பும் அதிர்வலைகள் அந்த ஜோடிகளை உடைக்கும். காற்றும் திட்டுத்திட்டாகத்தான் போகும். அங்கங்கே கார்பனுக்கு வேறு துணை கிடைக்கும். எங்கள் மூட்டத்தையும் அம்மாவின் சல்லடையையும் சொன்னேன். எவ்வளவு கரி தேறும் என்று கேட்டார். கால் சாக்கு என்றேன். சிரித்துவிட்டார்.

சாயங்காலம் முடிவு சொன்னதும் அப்பாவுக்குப் போன் செய்து, நடந்ததை அம்மாவின் சல்லடையிலிருந்து ஆரம்பித்தேன்.

"சல்லட கதய வூட்டாண்ட வந்து சொல்லு. சீட்டு குட்த்தாங்களா இல்லியா?"

"குட்த்துட்டாங்க நைனா."

போனை வைக்காமலே அம்மாவிடம் அவர் சொல்வது கேட்டது: "ஏ, அந்த ஓட்ட சல்லடய தூக்கிப் போட்றாத."