கோட்டைக்குள் மழை பெய்யுமா?

போன ஞாயிற்றுக்கிழமை கோட்டைப்பட்டினம் போய்விட்டு வந்தேன். மீன் வாங்கப் போனதாகத்தான் வீட்டில் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போனது ஒரு யுத்தத்தை நிறுத்த.

சிரிக்காதீர்கள். துப்பாக்கி, குண்டு வைத்து நடக்கிற யுத்தம் இல்லை... மேஜை மேல் புளியங்கொட்டை வைத்து நடக்கிற யுத்தம். ஆனால் அதனால் ஒரு கல்யாணம் நின்றுபோக இருந்தது என்றால் நம்புவீர்களா?

முதலில் வைத்திலிங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் என் அடுத்த வீட்டுக்காரர். சர்வே ஆபீஸில் டிராப்ட்ஸ்மேன். நிலத்தை யாரோ அளந்து வருவார்கள், இவர் உட்கார்ந்து படம் போடுவார். இப்படி ஒரு மனிதர் நம் பக்கத்தில் பெரிய போர்த்தலைவராகப் பெயர் வாங்கியிருக்கிறார் என்பது அவருடைய ஆபீஸுக்கே தெரியாது.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? எந்த ஆபீஸ் நிற்கும், எது போகும், யாருக்கு எந்த ஊர் — ஒன்றும் தெரியாமல் குமாஸ்தாக்கள் எல்லோரும் வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம். மற்றவர்கள் வெற்றிலை போட்டார்கள். வைத்திலிங்கம் யுத்தம் போட்டார். பழைய மேப் தாளைத் திருப்பிப் போட்டு ஆறு, குன்று, கோட்டை எல்லாம் வரைந்தார். புளியங்கொட்டை காலாட்படை, சோழி குதிரைப்படை, கழற்சிக்காய் பீரங்கி. அடிஸ்கேலால் அளந்துதான் படையை நகர்த்த வேண்டும். எதிரியை நெருங்கியதும் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். மொத்தம் நாற்பத்திரண்டு விதிகள். ‘படைக்களம்’ என்று பெயர் வைத்துச் சின்னப் புத்தகமாக அச்சடித்தும் விட்டார்.

யார் வாங்கப் போகிறார்கள் என்று நானே கேலி செய்தேன். வாங்கினார்களே! பொன்னமராவதியில் ஜவுளிக்கடைக்காரர்கள் கடையை அடைத்த கையோடு படையை இறக்கினார்கள். கோட்டைப்பட்டினத்தில் காற்று பலமாகி, படகு கடலுக்குப் போகாத நாட்களில் பீரங்கிதான். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து நின்று இவருக்குக் கும்பிடு போடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கிருந்தோ கிளம்பி, இவர் பட்டாளத்தில் மேஜராக இருந்தவர் என்று ஒரு பேச்சு பரவிவிட்டது. வருகிற கார்டுகளில் எல்லாம் ‘மேஜர் ஐயா அவர்களுக்கு’. மறுத்து எழுத வேண்டாமா என்றேன். “பாவம், ஆசையா எழுதுறாங்க... எப்படிங்க இல்லேங்கிறது?” என்றார்.

அதுதான் அவருடைய வியாதி. யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. பால்காரர் தண்ணீர் ஊற்றுவதில்லை என்றால், ஆமாம் ஊற்றுவதில்லை. நான் அடிஸ்கேலைத் தப்பாக வைத்துப் படையை இரண்டு அங்குலம் கூட நகர்த்தினால், நகர்த்துங்கள். அவர் கண்டுபிடித்த ஆட்டத்தில் அவரையே நான் மூன்று தடவை ஜெயித்திருக்கிறேன். நான் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன் என்பது என் மச்சினர்களைக் கேட்டால் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விதிகளில் சந்தேகம் வந்தால் ரசிகர்கள் பதில் கார்டோடு சேர்த்து எழுதுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வைத்திலிங்கம் மணிமணியான கையெழுத்தில் பதில் போடுவார். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ‘தாங்கள் சொல்வது சரியே.’ அடுத்த கார்டு. ‘தாங்கள் சொல்வது சரியே.’ அதற்கடுத்ததும் அதே. “எல்லாருமா சரியாச் சொல்றாங்க?” என்றேன். “கேட்கிற தோரணையிலயே அவங்களுக்கு என்ன பதில் வேணும்னு தெரிஞ்சுபோகுதுங்களே” என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி.

இப்படியே பதினான்கு வருஷம் ஓடியது. ரசிகர் கூட்டம் பெருகாமல் என்ன செய்யும்?

போன வாரம் ஒரு கார்டு வந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளிறிப்போன முகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். எழுதியவர் ஜுலைகா, கோட்டைப்பட்டினம். அவருடைய கணவர் தாஜுதீன் அங்கே வாத்தியார். அண்ணன் அப்துல் காதர் இரண்டு படகுக்குச் சொந்தக்காரர். இருவரும் ‘படைக்களம்’ பைத்தியங்கள். காதர் பாய்தான் அந்தப் பக்கத்து ரசிகர்களுக்குத் தலைவர் மாதிரி. ஊர் ஊராக இவருடைய புத்தகத்தை விற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

அந்த அம்மாள் விதி ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தார்: ‘என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் உங்கள் கார்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு மூன்று மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வாசல் மிதிக்க மாட்டேன் என்கிறார். நீங்கள் எழுதியதுதானே? நீங்களே வந்து பாருங்கள்.’

“துணைக்கு வாரீங்களா?” என்றார் வைத்திலிங்கம். மேஜருக்குத் துணை!

ஞாயிறு காலை பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, போய்ச் சேரும்போது பதினொரு மணி. மேஜர் ஐயா வருகிறார் என்ற ஒரே காரணத்துக்காகக் காதர் பாய் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். வந்தவர் மச்சானுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக இன்னும் பத்துப் பன்னிரண்டு ரசிகர் தலைகள்.

வழக்கு என்ன? பதினான்காவது விதி. மழை வந்தால் பீரங்கி சுடாது — மருந்து நனைந்துவிடும். அன்றைக்கு ஆட்டத்தில் தாயக்கட்டை உருட்டியதில் மழை வந்துவிட்டது. காதர் பாயின் பீரங்கி கோட்டைக்குள் இருந்தது. உள்ளே இருப்பது நனையாது, சுடும் என்றார் அவர். சுட்டால் வாத்தியாரின் படை காலி. சுடாவிட்டால் காதர் பாயின் கோட்டை காலி. இருவரும் தனித்தனியாகக் கார்டு போட்டார்கள். பதிலும் தனித்தனியாக வந்தது.

காதர் பாய் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். ‘தாங்கள் சொல்வது சரியே. கோட்டை என்றால் கூரை உண்டு.’

வாத்தியார் தம் கார்டைப் பக்கத்தில் வைத்தார். ‘தாங்கள் சொல்வது சரியே. கோட்டைக்கு மேலும் வானம்தான்.’

இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே மை. ஜன்னலில் ஒருவர் களுக்கென்று சிரித்து அடங்கினார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

வைத்திலிங்கம் தொண்டையைச் செருமினார். “கோட்டைன்னா... கூரை போட்ட எடமும் இருக்கும், போடாத எடமும் இருக்கும். அதனால ஒரு வகையிலே பாத்தா ரெண்டு பேரு சொல்றதும்...”

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஜுலைகா அம்மாளின் குரல் வந்தது. “இன்னும் ரெண்டு கார்டு எழுதித் தரப்போறீங்களா ஐயா?”

வைத்திலிங்கம் கண்ணாடியைக் கழற்றி அந்த இரண்டு கார்டுகளுக்கும் பக்கத்தில் வைத்தார். யோசித்துப் பாருங்கள்... எந்தப் பக்கம் சொன்னாலும் ஒரு கார்டு பொய். ஒரு கார்டு பொய்யென்றால், பொன்னமராவதி வரை போயிருக்கிற கார்டுகளின் கதி? அதிலும் மறுத்துச் சொல்ல வேண்டியது யாரிடம்? இத்தனை வருஷம் இவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடின மனிதரிடம்.

“நான் மேஜர் இல்லைங்க” என்று ஆரம்பித்தார். எடுத்த எடுப்பில் இதையா சொல்வார் என்று நானே அசந்துபோனேன். “சர்வே ஆபீஸ்ல படம் போடுற ஆளு. மழை வந்தா எல்லாப் பீரங்கியும் சும்மா கெடக்கணும்னு நெனச்சுத்தான் அந்த விதியை எழுதினேன். உள்ளே வெளியேன்னு கணக்கே இல்லை. வாத்தியார் சொன்னதுதான் சரி. காதர் பாய், ஒங்களுக்கு எழுதின கார்டு தப்பு. ஒங்க மனசு கோணக்கூடாதுன்னு எழுதிட்டேன்.”

ஜன்னல் தலைகள் அத்தனையும் காதர் பாயைப் பார்த்தன.

காதர் பாய் தம் கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “இதை அன்னிக்கே எழுதியிருந்தீங்கன்னா, அன்னிக்கே தோத்துட்டுச் சாப்பிடப் போயிருப்பேனே சார். மூணு மாசமா இந்த வீட்டுல ஒரு வாய் சாப்பிடாமக் கெடக்கேன்.”

வைத்திலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஒத்துக்கொள்வதில் என்ன?

காதர் பாய் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வாத்தியாரைப் பார்த்தார். “பந்தலுக்குச் சொல்லியாச்சா மச்சான்?”

“இன்னும் இல்லை. நீங்க வரட்டும்னுதான் இருந்தேன்” என்றார் வாத்தியார்.

அவ்வளவுதான் சமாதான ஒப்பந்தம்! அடுத்த அரை மணியில் எங்கள் இருவருக்கும் தனித்தனி இலை வந்தது. மச்சான்கள் இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு சஹன் — அந்தப் பெரிய தட்டில் ஒரே சோற்றை இரண்டு பக்கமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஜுலைகா அம்மாள் வேண்டுமென்றேதான் வைத்திருப்பார். காதர் பாய் பெரிய மீன் துண்டை எடுத்து மச்சான் பக்கம் தள்ளினார். பிறகு எங்கள் இலையைப் பார்த்து, “மேஜர் ஐயாவுக்கு இன்னும் ரெண்டு துண்டு வைம்மா” என்று உள்ளே குரல் கொடுத்தார். பட்டம் போகவில்லை பாருங்கள்.

நம்மில் பல பேர் நல்ல மனிதர் என்று பேர் வாங்குவது இப்படித்தானோ? எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக ஒரு தலையாட்டல். ஆட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தத் தலையாட்டலை நம்பி அவர்கள் எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

திரும்பி வரும்போது இதையெல்லாம் வைத்திலிங்கத்திடம் பெரிய தோரணையில் எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “வாராவாரம் பத்திரிகையில எழுதுறீங்களே... வாசகர்கள் கடுதாசி போட்டா நீங்க என்னன்னு பதில் எழுதுவீங்க?” என்றார்.

அறந்தாங்கி வரும் வரை நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.