மாமன் மடி

மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், நாமக்கல்லில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினோம். சங்கம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு வீடு ஒன்று, அதில் இரண்டு அறை, பின்னால் ஒரு கிணறு. புருஷனை இழந்தவள், துரத்தப்பட்டவள், பிள்ளையோடு நடுத்தெருவில் நின்றவள், யாராக இருந்தாலும் வரலாம், தங்கலாம். நாங்கள் முறை வைத்துக்கொண்டு போய்க் கூழ் காய்ச்சுவோம், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவோம், தையல் சொல்லிக்கொடுப்போம். "ஊருக்குச் சோறு பொங்கப் போறயா அம்மிணி?" என்று என் அண்ணன் கேலி செய்வார். "ஆமாங்கண்ணா, உங்கூட்டு அரிசியில இல்லீங்க" என்பேன். எனக்கு வாய் அப்போதே கொஞ்சம் நீளம்தான்.

சங்கத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. வருகிறவளிடம் பசிக்கிறதா என்று கேட்கலாம். எந்தச் சாதி, அதற்குள் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம் என்று கேட்கக் கூடாது. சேலத்தில் படித்துவிட்டு வந்த எங்கள் செயலாளர் அம்மா போட்ட சட்டம் அது. எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்கோ, ஒருவரை ஒருவர் பார்த்ததும் முதல் கேள்வியே அதுதான். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் முன்பின் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. தொண்டை வரைக்கும் வந்த கேள்வியை விழுங்கி விழுங்கி எனக்கு வயிறே உப்பிப்போகும். ஆனாலும் சட்டம் நல்ல சட்டம் என்றுதான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒருத்தி மூன்று வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய அண்ணன் இவளை வீட்டைவிட்டு இறக்கிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். வீடும் பாதிக் கிணறும் அதைச் சுற்றிய காட்டு நிலமும் நியாயமாக இந்தப் பையனுக்குச் சேர வேண்டியவை. அந்த ஆள் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். குலதெய்வக் கோயிலில் காது குத்தினால்தான் பையன் பங்காளி. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். இவளுக்கோ கூடப்பிறந்தவன் கிடையாது; பெற்றவர்களும் உறவுக்காரர்களும் காலராவில் போய்விட்டார்கள்; வேறு யாரையும் இவளுக்குத் தெரியாது. "மாமன் மடி எங்கீன்னு சிரிக்கறாருங்க. வர்ற மாசியில கோயில் பொங்கலுக்குப் பங்காளிக கூடறப்போ எல்லாத்தையும் அவரு பேருக்கு மாத்திக்கப் போறாராமுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பையனின் தலையைத் துவட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடப்பாவி, மூன்று வயதுக் குழந்தையிடமா இந்தக் கெட்டிக்காரத்தனம்!

செயலாளர் அம்மா வக்கீலைப் பார்த்தார். வக்கீல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வழக்குப் போடலாம், ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். அதற்குள் பையனுக்கு மீசை முளைத்துவிடும்" என்றார். மார்கழி போனது, தை போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மனு எழுதினோம், பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. அவள் மட்டும் முகத்தைச் சுளிக்காமல் கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பையனுக்குக் காய்ச்சல் கண்டது. நான் கஷாயம் எடுத்துக்கொண்டு போனபோது, அவள் மஞ்சள் துணியில் ஒரு காலணாவை முடிந்துகொண்டிருந்தாள்.

"எந்தச் சாமிக்கு?" என்றேன்.

"என்ற பொறந்த ஊட்டுச் சாமிக்குங்க அக்கா. இவங்கப்பன் ஊட்டுச் சாமிதான் அவங்க பக்கமாப் போயிருச்சே. ஆத்தங்கரையில, ஆலமரத்தடியில, ஏழு கல்லு நட்டிருக்கும். அந்த ஆத்தாளுக்கு."

கஷாயக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஆற்றங்கரை, ஆலமரம், ஏழு கல். என் பிறந்த வீட்டுச் சாமியும் அவள்தான்! ஒரு கூட்டத்துக்கு ஒரு சாமி; அப்படியானால் இவள் என் கூட்டத்தில் பிறந்தவள். எனக்குத் தங்கை. அப்படியென்றால் என் அண்ணன் இவளுக்கும் அண்ணன், இந்தப் பையனுக்கு மாமன். நான்கு மாதமாக மாமன் இல்லை மாமன் இல்லை என்று ஊரெல்லாம் அலைந்தோமே! முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். எங்கள் அருமையான சட்டம் வாயைக் கட்டிவிட்டது.

செயலாளர் அம்மாவிடம் ஓடினேன். அவர் முகம் சுருங்கியது. "கூட்டம் பார்க்கக் கூடாது என்று சொல்லும் நாமே கூட்டத்தைச் சொல்லிக்கொண்டு போய் நிற்பதா?" என்றார்.

"அவளைத் துரத்தினது அந்த வழக்கத்தை வெச்சுத்தானுங்க. அதே வழக்கம் அவளைக் கூட்டிக்கிட்டுப் போய் ஊட்டுக்குள்ள விடட்டும். அப்புறமா நீங்களும் நானும் ஒக்காந்து அதை ஒழிச்சுக்கட்டலாம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார்.

இனி என் அண்ணன். மலையைக்கூட நகர்த்திவிடலாம், அந்த மனுஷனை நகர்த்த முடியாது. அவளையும் பையனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது, அவர் மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"வழியில போற பொம்பளைக்கெல்லாம் நான் அண்ணனா? போ அம்மிணி, வேலையப் பாரு."

"அது சரிங்கண்ணா. அந்தக் கூட்டத்துல மடி குடுக்க ஒரு ஆம்பளை இல்லையான்னு அவன் சந்தையில நின்னு சிரிக்கறானாம். உங்க காதுல போட்டு வெக்கலாம்னு வந்தேன்."

சந்தை என்பது நான் சேர்த்த உப்பு. சிரித்தது நிஜம்தானே!

அண்ணன் கழுத்து சிவந்தது. ஆனாலும் அவ்வளவு சுலபத்தில் இறங்கி வருகிற ஆளில்லை. அவள் பக்கம் திரும்பி, "நம்ம கோயில்ல பொங்கல் வெச்சா மொதல் சோறு ஆருக்கு?" என்று கேட்டார். பரீட்சை வைக்கிறாராம்.

அவள் தலை நிமிராமல், "கட்டிக் குடுத்துப் போன பொண்ணுகளுக்குங்க. அவிய சாப்புட்டாத்தான் ஆத்தா சாப்புடுவா" என்றாள்.

லாடக்காரன் சுத்தியலை நிறுத்திவிட்டான். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பையன் பேரென்ன சாமி?" என்று குழந்தையிடம் குனிந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று மாட்டைப் பார்த்தேன்.

மாசிப் பொங்கலுக்கு நாங்கள் போன அழகை என்னவென்று சொல்வது! மூன்று மாட்டு வண்டி, முன்னால் மேளம். தேங்காய், பழம், புது வேட்டி, பையனுக்குச் சிவப்புக் கல் கடுக்கன் என்று பித்தளைத் தட்டுகளில் மாமன் சீர். சங்கத்துப் பிள்ளைகள் வண்டி நிறைய. செயலாளர் அம்மாவும் வந்தார், சும்மா வேடிக்கை பார்க்க என்று சொல்லிக்கொண்டு. கோயில் வாசலில் இறங்கியபோது சங்கத்துப் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். பாதிப் பேர் விதவைகள். சீர்த் தட்டைத் தொடுவது வழக்கமில்லை. அண்ணன் திரும்பிப் பார்த்தார். "என்ன நிக்கறீங்க? தட்டு கனமா இருக்குதில்ல, ஆளுக்கொண்ணு எடுங்க" என்று அதட்டினார். அந்த மனுஷனை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் பிடித்தது.

கோயில் பெரியவர் எழுந்து, "மாமன் ஆருங்க?" என்று கேட்டார்.

"நான்தானுங்க" என்று அண்ணன் தன் கூட்டத்தின் பெயரைச் சொன்ன குரலில் மேளமே நின்றது.

பெரியவர் பையனின் பெரியப்பன் பக்கம் திரும்பினார். "அப்புறம் என்னப்பா? மச்சானக் கூப்புடு."

அவன் விளக்கெண்ணெய் குடித்தவன் போல நின்றான். பங்காளிகள் எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். கடைசியில், "வாங்க மச்சான்" என்றான்.

அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பையனை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியைக் காதுப்பக்கம் கொண்டுபோனதும் பையன் வீறிட்டு அலறி, அண்ணன் கையை நறுக்கென்று கடித்துவிட்டான். "பல்லு மாமனாட்டம்!" என்று அவர் சிரிக்க, கோயிலே சிரித்தது. பெரியவர் பங்காளிகள் வீட்டு அரிசியெல்லாம் சேர்கிற முறத்தை நீட்டி, "உங்கூட்டு அரிசியப் போடு சாமி" என்றார். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த அரிசியைப் பையன் விசும்பிக்கொண்டே அள்ளிப் போட்டான். எல்லா வீட்டு அரிசியோடும் அது கலந்துவிட்டது. இனி எவன் பிரித்தெடுப்பான்? நான் குலவையிட்டேன். நாகரிகம் தெரிந்த செயலாளர் அம்மாவும் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார், வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் சாவி கை மாறியது. பெரியவரே முன்னால் நின்று வாங்கிக் கொடுத்தார். அவளை வீட்டில் விட்டுவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று நாங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அவள் உள்ளேயிருந்து ஓடி வந்து, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான்கு மாதம் எங்கள் கூழைக் குனிந்த தலையோடு வாங்கிக் குடித்தவள், என்னை நேருக்கு நேர் பார்த்து அதட்டினாள்.

"எறங்குங்க அக்கா. எல்லாரும் எறங்குங்க. ஒல வெச்சிருக்கறேன். இது என்ற ஊடு. கை நனைக்காம ஒருத்தரும் போகக் கூடாது."

நாங்கள் எல்லாரும் இறங்கினோம்.